பல்லுக் கூச்சமும் ஓசோன் வாயுவும்

சுபஹுத் தொழுகைக்கு வுழூச் செய்ய ஹவுழடியில் குந்தியிருப்பவர்களில் ஒருவர், கையில் அள்ளிய தண்ணீரை வாய்க்குள் விட்டதும் கண்ணை இறுக மூடிக்கொண்டு தலையை ஒரு பக்கம் சாய்ப்பார். மூன்று தடவை கொப்பளிக்க நினைத்தவர் ஒரு தடவையோடு நிறுத்திவிடுவார். மார்கழி, தை மாதங்களில் இந்தக் காட்சியை எந்தப் பள்ளிவாசலிலும் காணலாம். யாழ்ப்பாணம் சோனகத் தெருவில் நான் கண்டபோது அப்படிக் கண்ணை மூடியவர் என்னுடைய காக்கா.

அவருக்கு 56 வயது. பல்லில் சொத்தை இல்லை, ஆட்டம் இல்லை. ஆனால் குளிர்ந்த தண்ணீர் பட்டால், வாயைத் திறந்து காற்றை உள்ளே இழுத்தால், நோன்பு திறக்கும்போது ஐஸ் போட்ட சர்பத்தைக் குடித்தால், கடைவாய்க்கு முன்னாலுள்ள பற்களில் ஊசி ஏறியதுபோல ஒரு வலி. ஒரு நொடிதான். பிறகு ஒன்றும் நடக்காததுபோல இருக்கும். தனியார் கிளினிக் ஒன்றுக்குப் போயிருக்கிறார். "பல் வேர் வெளியே தெரியுது, ஓசோன் சிகிச்சை செய்தால் கூச்சம் போகும்" என்று சொல்லி ஒரு துண்டுப்பிரசுரத்தையும் கையில் கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள். ஆறு பற்கள், ஒவ்வொன்றுக்கும் மூன்று தடவை. கூட்டிப் பார்த்தால் என்னுடைய ஒரு மாதச் சம்பளத்தைத் தாண்டியது.

"தம்பி, நீ படிச்சனீ. இதில என்ன எழுதியிருக்கெண்டு பாத்துச் சொல்லு. கைமாத்து வாங்கியாவது செய்வமெண்டு நினைக்கிறன்" என்றார்.

நான் படித்தது தமிழ். மருத்துவம் எனக்குத் தொழிலும் அல்ல, துறையும் அல்ல. ஆனாலும் அந்தத் துண்டுப்பிரசுரத்தை வாசித்தபோது ஒரு தமிழாசிரியனுக்கு வரவேண்டிய கோபம் வந்தது. ஆங்கிலச் சொற்களைத் தமிழ் எழுத்தில் அடுக்கியிருந்தார்களே தவிர, ஓசோன் என்றால் என்ன, அது பல் வேரில் என்ன செய்கிறது, அந்தக் கூச்சம் எதனால் வருகிறது என்று ஒரு வரி விளக்கம் கிடையாது. 1847 இல் யாழ்ப்பாணத்துக்கு வந்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மானிப்பாயில் இருந்துகொண்டு மேனாட்டு மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தவர். உடற்கூறு, பிரசவம், சத்திரசிகிச்சை ஆகியவற்றுக்கெல்லாம் தமிழில் நூல்கள் ஆக்கியவர். அவர் நடமாடிய மண்ணில், காசு கொடுக்கப் போகிற நோயாளிக்குத் தன் பல்லில் என்ன செய்யப் போகிறார்கள் என்று தமிழில் சொல்ல ஆளில்லை. அந்த வேலையை ஓரளவாவது செய்யலாம் என்று நினைத்தே இதை எழுதுகிறேன். தெரிந்த பல் வைத்தியர்களிடம் கேட்டும், ஆய்வுகளைத் தேடி வாசித்தும் அறிந்துகொண்டவை இவை.

முதலில் பல்லைப் பார்ப்போம். பாடசாலை விஞ்ஞானப் புத்தகத்தில் பல்லின் நெடுக்குவெட்டுமுகம் வரைந்தது பலருக்கும் நினைவிருக்கும். வெளியே தெரியும் முடிப் பகுதியை மூடியிருப்பது மிளிரி. உடம்பில் அதைவிடக் கடினமான பொருள் வேறில்லை. அதற்கு உள்ளே பன்முதல். அதற்கும் உள்ளே நரம்பும் இரத்தக் குழாயும் ஓடும் மெதுவான நடுப்பகுதி. முரசுக்குள் புதைந்திருக்கும் வேருக்கு மிளிரிக் கவசம் கிடையாது. அங்கே பன்முதலைப் போர்த்தியிருப்பது சீமெந்து எனப்படும் மிக மெல்லிய படை. பல்லின் கழுத்துப் பகுதியில் அதன் தடிப்பு 20 முதல் 50 மைக்கிரோமீற்றர் வரைதான். ஒரு தலைமயிரின் தடிப்புக்குக்கூடக் குறைவு. முரசு மூடியிருக்கும்வரை அதற்கு ஆபத்தில்லை. முரசு கீழிறங்கினால் பிரஷ் தேய்ப்பிலும் புளிப்பிலும் அது சீக்கிரம் போய்விடும். பன்முதல் வெறுமனே வெளியில் நிற்கும்.

அந்தப் பன்முதல் கல்லைப்போல ஒரே திண்மமான பொருள் அல்ல. வெளிப்புறத்திலிருந்து நடுப்பகுதி வரைக்கும் நுண்குழாய்கள் நெருக்கமாக ஓடுகின்றன. ஒவ்வொன்றின் விட்டமும் ஒன்று முதல் இரண்டரை மைக்கிரோமீற்றர் வரை. ஒரு சதுர மில்லிமீற்றர் பரப்பில் ஆயிரக்கணக்கில் இருக்கும். நடுப்பகுதியை நெருங்க நெருங்க அந்த எண்ணிக்கை 40,000 ஐயும் தாண்டும். குழாய்களுக்குள் இருப்பது ஒரு திரவம். உள்முனையில் நரம்பு நுனிகள் காத்திருக்கின்றன.

சுவீடனைச் சேர்ந்த பிரான்ஸ்ட்ரோம் என்ற பல் மருத்துவ அறிஞர் 1960 களில் செய்த பரிசோதனைகளின் பின்னர்தான் பல்லுக் கூச்சத்தின் காரணம் தெளிவானது. குளிர் பட்டதும் குழாய்க்குள் இருக்கும் திரவம் சுருங்கி வெளிப்பக்கமாக அசைகிறது. காற்று பட்டு மேற்பரப்பு உலர்ந்தாலும் அதே அசைவு. இனிப்பின் அடர்ந்த கரைசலும் திரவத்தை வெளியே இழுக்கும். அந்த அசைவு உள்முனை நரம்பைச் சுண்டிவிடுகிறது. சூட்டுக்கு உள்நோக்கிய அசைவு; அது நரம்பை அவ்வளவாகத் தூண்டுவதில்லை. அதனால்தான் காக்காவுக்கு நோன்புக் கஞ்சி குடிக்கும்போது சும்மா இருந்த பல், அடுத்து சர்பத்தை வாயில் வைத்ததும் துடித்தது. இங்கே நரம்பில் நோய் எதுவும் இல்லை. அடைபட்டிருக்க வேண்டிய குழாய்கள் திறந்திருப்பதுதான் கோளாறு.

இதைக் கண்ணால் காட்டிய ஆய்வும் உண்டு. கூசும் பல்லையும் கூசாத பல்லையும் இலத்திரன் நுணுக்குக்காட்டியில் ஒப்பிட்ட பிரித்தானிய ஆய்வாளர்கள், கூசும் பல்லின் மேற்பரப்பில் திறந்த குழாய்கள் ஏறத்தாழ எட்டு மடங்கு அதிகம், அவற்றின் விட்டமும் இரண்டு மடங்கு என்று 1987 இல் எழுதினார்கள். குழாயின் விட்டம் இரண்டு மடங்கானால் அதனூடாகப் பாயும் திரவத்தின் அளவு பதினாறு மடங்காகும் என்பது பௌதிகம். விட்டத்தில் சிறிய மாற்றம், வலியில் பெரிய மாற்றம். இந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். எந்தச் சிகிச்சையைப் பற்றிச் சொன்னாலும் "இது குழாயை மூடுமா? இல்லாவிட்டால் நரம்பை அமைதிப்படுத்துமா?" என்ற கேள்வியைக் கேட்டுப் பார்க்கலாம்.

இனி முரசு ஏன் இறங்குகிறது? இங்கேதான் நம்முடைய அன்றாடப் பழக்கங்கள் வருகின்றன. காக்கா ஐந்து நேரமும் மிஸ்வாக் செய்பவர். சமூகத்துக்குச் சிரமமாகிவிடும் என்ற அச்சம் இல்லாவிட்டால் ஒவ்வொரு தொழுகைக்கும் அதைக் கட்டாயமாக்கியிருப்பேன் என்ற கருத்தில் வந்துள்ள நபிமொழி நமக்கெல்லாம் தெரிந்ததே. மிஸ்வாக் குச்சி எடுக்கும் மரத்துக்குத் தமிழில் உகா என்று பெயர். உகாய் என்ற வடிவில் குறுந்தொகையிலும் நற்றிணையிலும் பாலை நிலத்து மரமாக வருகிறது. சங்கப் புலவர்களுக்குப் பழக்கமான மரத்தின் குச்சியை நாங்கள் ஹஜ்ஜுக்குப் போய்வருபவர்களிடம் கேட்டு வாங்குகிறோம். இத்தனைக்கும் இலங்கையின் வறண்ட கரையோரங்களிலும் அது வளர்கிறது.

மிஸ்வாக்கின் நன்மைகளை உலக சுகாதார நிறுவனமும் கவனித்தது. 1986 இல் அதன் பயன்பாட்டை ஊக்குவித்தது. 2000 ஆம் ஆண்டில் வெளிவந்த வாய்ச் சுகாதாரம் பற்றிய சர்வதேச அறிக்கை, இன்னும் ஆய்வுகள் வேண்டும் என்று கூறியது. 1990 களின் தொடக்கத்தில் சவூதி அரேபியாவில் செய்யப்பட்ட ஓர் ஆய்வில், பிரஷ் பாவிப்பவர்களைவிட மிஸ்வாக் பாவிப்பவர்களிடம் முரசு இறக்கம் கூடுதலாகக் காணப்பட்டது. மிஸ்வாக்கை விட்டுவிடச் சொல்லும் முடிவு அல்ல இது. குச்சியின் நார் காய்ந்து முரடாக இருக்கும்போது, ஒரே இடத்தில் பலமாகத் தேய்த்தால் முரசு பொறுக்காது என்பதுதான் விஷயம். பிரஷும் அப்படித்தான். வலதுகைக்காரருக்கு இடப்பக்கக் கோரைப்பல்லிலும் அதற்குப் பின்னுள்ள பற்களிலும் தேய்மானம் கூடுதலாக இருப்பதைப் பல் வைத்தியர்கள் அடிக்கடி காண்கிறார்கள். பல் தீட்டத் தொடங்கும்போது கையின் முழுப் பலமும் அங்கேதான் விழுகிறது. காக்காவின் கூச்சமும் பெரும்பாலும் இடப்பக்கத்தில்தான்.

இதை வாசித்தபோது எனக்கு ஷாபிஈ பிக்ஹு நூல்களில் வரும் ஒரு குறிப்பு நினைவுக்கு வந்தது. மிஸ்வாக்கைப் பல்லின் அகலவாட்டில் செய்வது சுன்னத்து. நீளவாட்டில் செய்வது விரும்பத்தக்கதல்ல, ஏனெனில் முரசில் இரத்தம் வரலாம், பல்லைச் சுற்றியுள்ள சதை கெடலாம் என்று காரணத்தோடு சொல்லியிருக்கிறார்கள். இன்றைய பல் வைத்தியர்கள் அகலவாட்டில் அரத்தால் அராவுவதுபோலத் தேய்ப்பதையும் வேண்டாம் என்கிறார்கள். முரசிலிருந்து பல் நுனி நோக்கி மெதுவாக இறக்கு என்கிறார்கள். திசையைப் பற்றி மட்டும் பார்த்தால் இரண்டும் முரணாகத் தெரியும். காரணத்தைப் பார்த்தால் இரு சாராரும் ஒன்றைத்தான் காக்கப் பார்க்கிறார்கள்: முரசை. அகலவாட்டில் செய்யும்போதே நாரை முதலில் தண்ணீரில் நனைத்து, அழுத்தாமல், முரசில் படாமல் செய்தால் இரண்டு பேச்சையும் கேட்டதாகும் என்பது என் அபிப்பிராயம். மார்க்கத் தீர்ப்பாக இதைச் சொல்லவில்லை. அதற்கு ஆலிம்கள் இருக்கிறார்கள்.

முரசு இறங்க இன்னொரு பெரிய காரணம் பல்லில் படியும் காரை. அழுக்குப் படலம் நாள்போகக் கல்சியம் ஏறிக் கல்லாகி, முரசின் ஓரத்தில் குந்திக்கொள்கிறது. முரசு வீங்கி, பிறகு பின்வாங்குகிறது. குர்துபாவில் வாழ்ந்த அபுல் காசிம் அஸ்ஸஹ்ராவி ஆயிரம் வருடங்களுக்கு முன்பே இதை அறிந்திருந்தார். அத்தஸ்ரீப் என்ற தமது பெருநூலில், பற்காரையைச் சுரண்டி எடுப்பதற்கான பல வடிவக் கருவிகளைப் படம் வரைந்து காட்டியிருக்கிறார். பல்லின் உட்புறத்துக்கு ஒன்று, வெளிப்புறத்துக்கு ஒன்று, இடுக்குகளுக்கு இன்னொன்று என்று. இன்று ஆஸ்பத்திரியில் 'கிளீனிங்' என்று சொல்லிச் செய்வது அந்த வேலையைத்தான்.

எங்கள் தலைமுறைக்கு இன்னொன்றும் உண்டு. 1990 ஒக்ரோபரில் இரண்டு மணி நேர அவகாசத்தில் வெளியேற்றப்பட்டு, புத்தளத்துக் கிடுகுக் கொட்டில்களில் வருடக்கணக்காக இருந்த காலத்தில் பல்லைப் பற்றி யார் நினைத்தார்கள்? வலித்தால் பிடுங்கியதுதான் பல் வைத்தியம். உமிக்கரியும் உப்பும் விரலும்தான் பிரஷ். காக்கா அப்போது இருபதுகளில் இருந்தவர். கரித்தூளால் அழுத்தித் தேய்க்கும் அந்தக் கைப்பழக்கம், ஊருக்குத் திரும்பிவந்து நல்ல பிரஷ் வாங்கிய பிறகும் அவரை விடவில்லை.

புளிப்பைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மிளிரி கரையத் தொடங்குவது அமிலகாரப் பெறுமானம் 5.5 அளவுக்கு இறங்கும்போது. வேர்ப் பகுதியோ 6.5 ஐ அண்டியே கரையத் தொடங்கிவிடும். தேசிக்காய்ச் சாறும் சோடாக்களும் 2 க்கும் 3 க்கும் இடையில் நிற்பவை. குடித்த கையோடு பல் தீட்டினால், இளகிப்போன மேற்பரப்பை நாங்களே சுரண்டி எறிகிறோம். அரைமணி நேரமாவது கழியட்டும். வெற்றிலை போடுபவர்களுக்கோ, பாக்கின் தேய்ப்பும் சுண்ணாம்பும் குதப்பி வைக்கும் பக்கத்து முரசைக் கெடுக்கும். ஆனால் அவர்கள் பல்லுக் கூச்சத்தைவிடப் பெரிதாகக் கவலைப்பட வேண்டிய ஒன்று இருக்கிறது. இலங்கையில் ஆண்களுக்கு வரும் புற்றுநோய்களில் முதலிடத்தில் நிற்பது வாய்ப் புற்றுநோய். கூச்சத்துக்கென்று போனாலும் வாய் முழுவதையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

இனி ஓசோனுக்கு வருவோம். நாம் சுவாசிக்கும் ஒட்சிசனில் இரண்டு அணுக்கள் சேர்ந்திருக்கும். ஓசோனில் மூன்று. இடிமின்னலுக்குப் பிறகும், போட்டோகொப்பி இயந்திரத்துக்குப் பக்கத்திலும் வரும் ஒருவித காரமான வாசனை அதனுடையது. சுவிற்சர்லாந்தின் பாசல் நகரில் ஷோன்பைன் என்ற இரசாயனவியலாளர் 1840 இல் இதை ஒரு தனிப் பொருளாக அறிவித்தபோது, வாசனை வீசுதல் என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்துதான் பெயர் வைத்தார். மூன்றாவது அணு நிலைத்து நிற்காது. எதையாவது ஒட்சியேற்றிவிட்டு ஓடப் பார்க்கும். பற்றீரியாவின் சுவரை அப்படித்தான் உடைக்கிறது. பிரான்சின் நீஸ் நகரம் 1906 முதல் குடிநீரைச் சுத்தப்படுத்த ஓசோனைப் பயன்படுத்தியது. ஆக, கிருமியைக் கொல்லும் அதன் ஆற்றலில் சந்தேகமே இல்லை. 1930 களில் பிஷ் என்ற சுவிஸ் பல் வைத்தியர் ஓசோன் கலந்த நீரைப் பல் மருத்துவத்துக்குக் கொண்டுவந்தார். 2000 களின் தொடக்கத்தில் ஹீல்ஓசோன் என்ற ஜேர்மன் நிறுவனத் தயாரிப்பு ஒன்று சந்தைக்கு வந்ததும் பரபரப்பு கூடியது. சிலிக்கன் கிண்ணம் ஒன்றைப் பல்லில் காற்றுப் புகாமல் பொருத்தி, அதற்குள் பத்து இலட்சத்தில் 2,100 பங்கு என்ற அளவில் ஓசோனைச் சில பத்து விநாடிகளுக்குச் செலுத்தி, மிச்சத்தை உறிஞ்சி எடுத்து மீண்டும் ஒட்சிசனாக்கும் கருவி அது. துளைப்பதில்லை, ஊசி இல்லை, வலி இல்லை. பல் சொத்தையைத் துளைக்காமலே நிறுத்திவிடலாம் என்பதுதான் அதைப் பற்றிய பெரிய வாக்குறுதியாக இருந்தது. வேர்க் கூச்சம் பிறகு வந்து சேர்ந்துகொண்டது.

நமது கேள்வியை இங்கே கேட்போம். ஓசோன் குழாயை மூடுமா? மூடாது. அது ஒரு வாயு. எந்தப் படிவையும் விட்டுச் செல்வதில்லை. ஓசோனை ஆதரிப்பவர்கள் தரும் விளக்கம், அது மேற்பரப்பிலுள்ள உயிர்ப்பொருட் படலத்தை அகற்றிக் குழாய் வாய்களைச் சுத்தப்படுத்துகிறது, அதன் பிறகு பூசும் கல்சியமும் புளோரைட்டும் ஆழமாக உள்ளே போகின்றன என்பது. சரி, அப்படியே வைத்துக்கொள்வோம். அப்படியானால் கூச்சத்தைக் குறைப்பது பின்னால் பூசப்படும் கனிப்பொருள்தானே? ஓசோன் செய்வது வாய்களைத் திறந்துவிடுகிற வேலை. திறந்த வாய்கள்தான் நோய் என்று மேலே பார்த்தோம். துண்டுப்பிரசுரத்தை இரண்டாம் தடவை வாசித்தபோதுதான் கவனித்தேன்: கடைசி வரியில், ஓசோனுக்குப் பிறகு ஒரு கனிப்பொருள் திரவம் பூசப்படும் என்று சிறிய எழுத்தில் இருந்தது.

விளக்கம் எப்படியிருந்தாலும் பலன் கிடைத்தால் போதுமே என்று காக்கா சொன்னார். நியாயமான பேச்சு. அதற்குத்தான் பரிசோதனைகள். கனடாவின் ரொறன்ரோப் பல்கலைக்கழகத்தில் செய்து 2009 இல் வெளியிட்ட ஆய்வில், பல்லுக் கூச்சம் உள்ளவர்களை இரண்டு பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு ஓசோன். மற்றப் பிரிவுக்கு அதே கருவி, ஆனால் வெறும் காற்று. யாருக்கு எது கிடைத்தது என்பது நோயாளிக்கும் தெரியாது, அளந்தவருக்கும் தெரியாது. முடிவு: இரண்டு பிரிவினருக்கும் வலி குறைந்தது. இரண்டுக்கும் இடையில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை.

இதைச் சொன்னதும் காக்கா சிரித்துவிட்டார். "அப்ப காத்தும் மருந்தோ?"

அந்தக் கேள்விக்கு மூன்று விதமாகப் பதில் சொல்லலாம். முதலாவது, நம்பிக்கை. கதிரையில் சாய்த்து, வெளிச்சம் போட்டு, வெள்ளை அங்கியோடு ஒருவர் பத்து நிமிடம் கவனமாகப் பார்த்தாலே வலி தணிகிறது. பல்லுக் கூச்ச ஆய்வுகளில் மருந்தில்லாப் பற்பசை பாவித்தவர்களுக்கே 20 முதல் 60 சதவீதம் வரை முன்னேற்றம் காணப்பட்டிருப்பதாக எழுதியிருக்கிறார்கள். இரண்டாவது, எச்சில். அதிலுள்ள கல்சியமும் பொஸ்பேற்றும் திறந்த குழாய்களில் படிந்து மெல்ல மெல்ல அடைக்கின்றன. இந்தக் கூச்சம் தானாகக் கூடும், தானாகக் குறையும். மூன்றாவது, மனிதர் வைத்தியரிடம் போவது வலி உச்சத்தில் இருக்கும்போது. உச்சத்துக்குப் பிறகு என்ன செய்தாலும், செய்யாவிட்டாலும், இறக்கம்தான். பெயர் எடுப்பது கடைசியாகச் செய்த சிகிச்சை.

ரொறன்ரோ ஆய்வு ஒன்றை மட்டும் வைத்து முடிவு கட்டக்கூடாதுதான். பிறகு வந்த சிறிய ஆய்வுகளில் சில ஓசோனால் பயன் உண்டு என்கின்றன, சில இல்லை என்கின்றன. பல் சொத்தைக்கு அதைப் பாவிப்பது பற்றி 2004 இல் கொக்ரேன் அமைப்பு ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்து, நம்பகமான சான்று இல்லை என்றது. அடுத்த வருடம் பிரித்தானியாவின் நைஸ் என்ற அரச மதிப்பீட்டு நிறுவனம், முடிச் சொத்தைக்கும் வேர்ச் சொத்தைக்கும் ஹீல்ஓசோனை, ஒழுங்கான பரிசோதனை ஆய்வுகளுக்குள் அன்றி வேறு வகையில் பாவிக்க வேண்டாம் என்று பரிந்துரைத்தது. அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகத்தின் விதிகளில் ஓசோன், மருத்துவப் பயன் எதுவும் அறியப்படாத நச்சு வாயு என்றே இன்றும் எழுதப்பட்டிருக்கிறது. அது கொஞ்சம் கடுமையான வாசகம் என்று வாதிடுபவர்கள் உண்டு. ஆனால் சுவாசப்பைக்கு அது கெடுதி என்பதில் வாதமில்லை. கிண்ணம் சரியாகப் பொருந்தாமல் கசிந்தால், முட்டு வருத்தக்காரருக்கு அது விளையாட்டல்ல. காக்காவுக்கும் முட்டு உண்டு. கிளினிக்கில் அதை யாரும் கேட்கவில்லையாம்.

கடைசியில் அவரை அரசாங்க ஆஸ்பத்திரி ஒன்றின் பல் சிகிச்சைப் பிரிவுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். நம்பர் எடுத்து இரண்டரை மணி நேரம் வாங்கில் இருந்தோம். பார்த்த டொக்டர் முதலில் செய்தது, காக்காவின் கையில் ஒரு பிரஷைக் கொடுத்து "எப்பிடித் தீட்டுவீங்கள், காட்டுங்கோ" என்று கேட்டதுதான். காக்கா காட்டினார். "ஐயா, இது பல்லுத் தீட்டுறதில்ல, சட்டி தேய்க்கிறது" என்றார் அந்தப் பிள்ளை. பேராதனையில் படித்துவிட்டு வந்த, என்னுடைய மாணவர்களின் வயதை அண்டிய பெண். பிறகு காற்றை ஊதி எந்தெந்தப் பல் என்று பார்த்தார். காரையைச் சுரண்டினார். கழுத்தில் ஆப்பு வெட்டினதுபோல் குழி விழுந்திருந்த இரண்டு பற்களுக்குப் பல் நிறத்தில் அடைப்பு வைத்தார். மற்றவற்றுக்குப் புளோரைட்டு வார்னிஷ் பூசினார். மஞ்சளாகப் பிசுபிசுவென்று இருக்கும் அந்த வார்னிஷில் சோடியம் புளோரைட்டு 5 சதவீதம். அதாவது பத்து இலட்சத்தில் 22,600 பங்கு புளோரைட்டு. சாதாரணப் பற்பசையில் 1,000 முதல் 1,500 வரைதான். எச்சிலிலுள்ள கல்சியத்தோடு சேர்ந்து குழாய் வாய்களில் மணிமணியாகப் படிந்து அடைக்கிறது. குழாயை மூடுமா என்ற கேள்விக்கு, மூடும் என்று பதில் சொல்லும் சிகிச்சை. சில மாதங்களில் திரும்பப் பூச வேண்டியிருக்கும்.

வீட்டுக்கு ஒரு கூச்சப் பற்பசை வாங்கச் சொன்னார். கடையில் கிடைப்பவற்றில் இரண்டு வகை உண்டு. உறையைத் திருப்பிப் பார்த்தால் தெரியும். பொற்றாசியம் நைத்திரேற்று 5 சதவீதம் என்றிருந்தால் அது நரம்பை அமைதிப்படுத்தும் வகை. பொற்றாசியம் அயன்கள் குழாய் வழியே சென்று நரம்பைச் சுற்றிச் சேர வேண்டும். அதற்கு இரண்டு முதல் நான்கு வாரங்கள் பிடிக்கும். மூன்று நாள் தீட்டிவிட்டு "சரிவரயில்ல" என்று எறிபவர்கள்தான் அதிகம். ஸ்ரானஸ் புளோரைட்டு, அல்லது ஆர்ஜினினோடு கல்சியம் காபனேற்று என்றிருந்தால் அது குழாயை அடைக்கும் வகை. எதுவானாலும் மெதுவான பிரஷில், காலையும் இரவும். தீட்டிய பிறகு துப்பினால் போதும். உடனே தண்ணீர் விட்டு அலசி மருந்தையெல்லாம் கழுவி ஊற்றக்கூடாது. சுபஹுக்கு எழும்புபவர்கள் முதலில் வுழூவை முடித்துக்கொண்டு, தொழுகைக்குப் பிறகு ஆறுதலாகப் பற்பசை போடலாம். காக்கா அப்படித்தான் மாற்றிக்கொண்டார். மிஸ்வாக் அதன் இடத்தில் இருக்கிறது, நனைத்த நாரோடு, அழுத்தமில்லாமல்.

இதையெல்லாம் வாசித்துவிட்டு எல்லாப் பல் வலிக்கும் கூச்சப் பற்பசை வாங்கிவிட வேண்டாம். நான் சொன்னது குளிர் பட்டதும் வந்து, எடுத்ததும் போகும் வலி. குளிர் போன பிறகும் நிமிடக்கணக்காக நீடித்தால், சூட்டுக்குக் கூடினால், இரவில் நித்திரையை எழுப்பினால், கடிக்கும்போது ஒரே ஒரு பல்லில் மட்டும் குத்தினால், அது வேறு. சொத்தை நரம்பைத் தொட்டிருக்கலாம், பல் வெடித்திருக்கலாம். அதற்கு வார்னிஷும் உதவாது, ஓசோனும் உதவாது. சுணங்காமல் பல் வைத்தியரிடம் போக வேண்டும். கிளினிக்கில் ஓசோன் என்றாலும், லேசர் என்றாலும், கேட்க வேண்டியவை சில உண்டு. முரசு ஏன் இறங்கியது? வார்னிஷ் பூசிப் பார்த்தாயிற்றா? வெறும் காற்றோடு ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வு இருக்கிறதா? நல்ல வைத்தியர் கேள்விக்குக் கோபிக்க மாட்டார்.

ஆஸ்பத்திரியால் வந்து ஐந்து வாரம் ஆகிறது. நேற்று சுபஹுக்கு ஹவுழடியில் காக்கா எனக்குப் பக்கத்தில்தான் இருந்தார். மூன்று தடவையும் கொப்பளித்தார். மூன்றாவது தடவை மட்டும் இடது கண் கொஞ்சம் சுருங்கியது. "கேத்தல் தண்ணி கொண்டுவரவே?" என்று கேட்டேன். "வேணாம், இன்னும் ரெண்டு கிழமை பாப்பம்" என்றார்.